பாட்டுக்காரரும் படகும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட் பற்றியும், அவர் கரீபியன் தீவுகளில் படகே கதியென்று திரிந்த காலம் பற்றியும் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை அரசியலும் சினிமாவும் காத்திருக்கட்டும், முழுப் பகுதியும் கடலுக்கே.

கேள்வி: யார் சேர் இந்த ஜிம்மி பஃபெட்? கோடீஸ்வரர் வாரன் பஃபெட்டுக்கு சொந்தமா? பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஓர் ஆசிரியை, ஆரையம்பதி)

சொந்தம் இல்லை டீச்சர். இருவரும் நண்பர்கள், மரபணுப் பரிசோதனை கூடச் செய்து பார்த்துவிட்டார்கள், உறவு இல்லை என்றுதான் வந்தது.

ஜிம்மி பிறந்தது 1946 டிசம்பர் 25, மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா என்ற கடற்கரை ஊரில். வளர்ந்தது பக்கத்து மாநிலமான அலபாமாவின் மொபில் துறைமுகத்தில். அவருடைய தாத்தா பாய்க்கப்பல் கப்டன், பேரனுக்குக் கடல் பைத்தியம் அங்கிருந்து வந்ததுதான். 1970 இல் முதல் இசைத்தட்டு போட்டார், விற்கவில்லை. அப்புறம் புளோரிடாவின் தெற்குக் கோடியில் இருக்கிற கீ வெஸ்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து கியூபா 145 கிலோமீற்றர்தான். அந்தக் காலத்தில் அது இறால் படகுக்காரர்களும் ஒதுங்கி வாழ வந்தவர்களும் இருந்த ஊர். படகில் துணையாளாக வேலை பார்த்துக்கொண்டே இரவில் மதுக்கடைகளில் கிட்டார் வாசித்தார். 1977 இல் ‘மார்கரிட்டாவில்’ என்ற பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 8 ஆம் இடம் வரைக்கும் ஏறியது. கையில் காசு வரத் தொடங்கிய அந்த வருடங்களில் அவர் வாங்கியது ஒரு பாய்ப்படகு, அதற்கு வைத்த பெயர் ‘யூஃபோரியா’. அதில் தீவு தீவாகப் போனார், போன இடத்தில் கேட்ட கதையை எல்லாம் பாட்டாக்கினார். அரை நூற்றாண்டு இப்படித்தான் போனது. மேடையில் பெரும்பாலும் வெறுங்கால். 2023 செப்டம்பர் 1 ஆம் திகதி, 76 வயதில் காலமானார்.

பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வதென்றால் மொன்செராட் தீவின் கதையைச் சொல்லுங்கள். 1979 இல் அந்தச் சின்னத் தீவில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு (பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் கட்டியது) ஜிம்மி போய், ‘எரிமலை வெடித்தால் நான் எங்கே போவேன்’ என்று குதூகலமாக ஒரு பாட்டுப் பதிவு செய்தார். அப்போது அந்தத் தீவின் மலை தூங்கிக்கொண்டிருந்தது. 1989 இல் ஹியூகோ சூறாவளி ஒலிப்பதிவுக் கூடத்தைச் சிதைத்தது. 1995 இல் எரிமலை உண்மையாகவே விழித்துக்கொண்டது, 1997 இல் தலைநகரம் பிளிமத் சாம்பலுக்குள் புதைந்தது. தீவின் தெற்குப் பகுதிக்குள் இன்றும் யாரும் நினைத்தபடி போக முடியாது. மக்களில் பெரும் பகுதியினர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். சுனாமிக்குப் பிறகு பழைய வளவுக்குத் திரும்பாத எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அவர் விமானத்தைப் பொலிஸ் சுட்டது உண்மையா அண்ணே? (உயர்தர மாணவன், களுவாஞ்சிக்குடி)

உண்மை தம்பி. 1996 ஜனவரியில், ஜமேக்காவின் நெக்ரில் கடற்கரையில். ஜிம்மிக்குத் தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய பழைய குரூமன் விமானம் ஒன்று இருந்தது, அவரே ஓட்டுவார். போதைப்பொருள் கடத்தல் என்று நினைத்துப் பொலிசார் சுட்டுவிட்டார்கள். யூ2 இசைக்குழுவின் பாடகர் போனோ, அவருடைய மனைவி, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பயணத்தில் இருந்தவர்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. ஜமேக்கா அரசு மன்னிப்புக் கேட்டது. ஜிம்மி அதையும் ஒரு பாட்டாக்கினார், அந்தத் தீவோடு பகை வளர்க்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம் இதுதான்.

கேள்வி: தோல் புற்றுநோயில்தானே செத்தார்? நாங்களும் காலையிலிருந்து வெயிலில்தான் கிடக்கிறோம், பயப்பட வேணுமா? (கரைவலைத் தொழிலாளி, பெரிய கல்லாறு)

அவருக்கு வந்தது மேர்க்கல் செல் புற்றுநோய், அரிதானது, வேகமாகப் பரவுவது. வெள்ளைத் தோலும் நீண்ட கால வெயிலும் சேர்ந்தால் அபாயம் கூடும். எங்கள் தோலுக்கு அந்த அபாயம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆறாத புண்ணோ வேகமாக வளரும் கட்டியோ இருந்தால் காட்டுங்கள். அதைவிட உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கண்ணைப் பற்றி. வெயிலிலும் உப்புக் காற்றிலும் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும், முற்றினால் பார்வையை மறைக்கும். அகன்ற விளிம்புத் தொப்பியும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் பெரிய செலவில்லை. வலை இழுக்கிற ஆள் கண்ணாடி போட்டால் யாராவது பகிடி பண்ணுவார்கள்தான், பண்ணட்டும்.

கேள்வி: கோபிக்க வேண்டாம். அவர் காசுள்ள மனிசன், சும்மா சுற்றினார். நாங்கள் பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறோம், திரும்பி வருவோமா என்று பெண்சாதி வாசலில் நிற்கிறாள். இவருடைய கதையில் எங்களுக்கு என்ன இருக்கிறது? (பலநாள் படகுத் தொழிலாளி, வாழைச்சேனை)

கோபம் ஒன்றுமில்லை அண்ணன், வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

முதலில் ஒன்று. படகில் வாழ்வது, விடுமுறைக்காரருக்கும்கூட, படத்தில் தெரிகிற மாதிரி இல்லை. குடிதண்ணீர் அளந்துதான், மின்சாரம் சூரியத் தகட்டில் வருவது எவ்வளவோ அவ்வளவுதான். நங்கூரம் போடுகிறபோது கடற்புல்லில் போட்டால் பிடிக்காது, மணல் தேடிப் போட வேண்டும், ஆழத்தைப் போல ஐந்து ஏழு மடங்குக்குச் சங்கிலி விட வேண்டும், இரவில் காற்றுத் திரும்பினால் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு நாடு, மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு போய்ச் சுங்கத்தில் பதியாமல் கால் வைக்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசுகிற காற்றுக்கு அங்கே ‘கிறிஸ்மஸ் காற்று’ என்று பெயர், அதில் தீவுகளுக்கு நடுவே உள்ள நீரிணைகளைக் கடப்பது வாடையில் முகத்துவாரம் தாண்டுகிற வேலைதான்.

ஆனாலும் உங்கள் கேள்வி அதுவல்ல. அந்தத் தீவுகளில் பிறந்து அந்தக் கடலில் பிழைக்கிறவர்கள் யார் என்பதுதானே கேட்கிறீர்கள். நியாயம். ஜிம்மியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கும் பொறுக்கவில்லை.

பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் ஜோஸ்ட் வான் டைக் என்று ஒரு துண்டுத் தீவு, 2010 கணக்கெடுப்பில் 300 பேர் வரை. அங்கே ‘ஃபொக்ஸி’ என்று எல்லோரும் கூப்பிடுகிற கால்வுட் 1968 இல் கடற்கரையில் ஒரு கொட்டில் மதுக்கடை போட்டார். படகில் வருகிறவர் யாராக இருந்தாலும் ஊர் பேர் கேட்டு, கிட்டாரை எடுத்து, அந்த ஆளைப் பற்றியே அந்த இடத்தில் பாட்டுக் கட்டிப் பாடுவார். உலகம் சுற்றும் படகுக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதோடு நிற்கவில்லை. மரப் படகுகளுக்கென்று தனிப் போட்டி நடத்தினார்கள், தீவின் பிள்ளைகளைச் சேர்த்துப் பழைய முறையில் 32 அடிப் பாய்ப்படகு கட்டப் பழக்கினார்கள். எனக்கு ஜிம்மியைவிட ஒரு படி மேலே இவர்தான்.

கரியாக்கு என்ற தீவு கிரெனடாவைச் சேர்ந்தது. அங்கே வின்ட்வேர்ட் கிராமத்து ஓடாவிமார் வரைபடம் இல்லாமல் கண்ணாலேயே அளந்து கடற்கரையில் கப்பல் கட்டுகிறார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த தச்சர்களின் வழித்தோன்றல்கள், ஆபிரிக்க இரத்தமும் கலந்தவர்கள். விலா மரத்துக்கு நேர்மரத்தை வளைப்பதில்லை, காட்டுக்குப் போய் வெள்ளைச் சிடார் மரத்தில் இயற்கையாகவே வளைந்த கிளை தேடி வெட்டி வருகிறார்கள். இறக்குகிற நாளில் ஆடு அறுப்பார்கள், பாதிரியார் ஆசீர்வதிப்பார், தரையில் ரம் ஊற்றுவார்கள். அப்புறம் படகைத் தாங்கி நிற்கிற முட்டுக் கட்டைகளைக் கோடரியால் ஒவ்வொன்றாகக் கொத்துவார்கள். ஒரு பக்கம் அவசரப்பட்டால் ஒரு வருட உழைப்பு உடைந்து போகும், ஆகவே மூத்தவர் குரல் கொடுக்கக் கொடுக்கத்தான் கோடரி விழும். படகு மெல்லச் சரிந்து உருளைகளில் படுத்ததும் ஊரே கயிற்றைப் பிடித்துப் பாட்டுப் பாடிக் கடலுக்குள் இழுக்கும். இந்தப் படகு கட்டும் கலையை யுனெஸ்கோ 2023 இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இழுக்கும்போது பாடுகிறார்களே, அது என்ன? எங்கள் அம்பாதான் அண்ணன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வது. ஜிம்மிக்கு முன்னால் கரீபியன் கடலை உலகத்துக்குக் கேட்க வைத்தவர் ஹரி பெலஃபொன்டே. ஜமேக்காத் தாய்க்குப் பிறந்தவர், சிறு வயதில் அங்கே வளர்ந்தவர், 1956 இல் வந்த அவருடைய கலிப்சோ இசைத்தட்டு அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, இரவெல்லாம் கப்பலில் வாழைக்குலை ஏற்றிய கூலியாட்கள் ‘விடிந்துவிட்டது, வந்து கணக்கை எண்ணு, நாங்கள் வீட்டுக்குப் போக வேணும்’ என்று கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுகிற தொழில் பாட்டு. காசுள்ளவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக் கேட்டது அதைத்தான். உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் அப்பா பாடிய அம்பாவில் எத்தனை வரி உங்களுக்கு நினைவிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன். இயந்திரப் படகும் வலைச் சுருட்டியும் வந்த பிறகு அந்தப் பாட்டுகள் பாடுகிற வாய்கள் குறைந்துகொண்டே போகின்றன.

கேள்வி: சூறாவளி வந்தால் அங்கே அவ்வளவு படகையும் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? எங்களுக்குத் துறைமுகம் இருந்தும் வாயில் மண் மூடி அவதிப்படுகிறோம். (படகு உரிமையாளர், ஒலுவில்)

ஒலுவில் மண் கதை ஊரறிந்தது காக்கா, அதைப் பற்றி இன்னொரு தடவை நீளமாக எழுத வேண்டும்.

அங்கே சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வசதியுள்ளவர்கள் அதற்கு முன்பே தெற்கே கிரெனடா, ட்ரினிடாட் பக்கம் ஓடிவிடுவார்கள், காப்புறுதிக்காரர்களே அப்படிப் போகச் சொல்லி நிபந்தனை போடுவார்கள். சிலர் கரையேற்றி, பட்டிகளால் படகை நிலத்தோடு இறுக்குவார்கள், அடிக்கட்டைக்குக் குழி தோண்டி இறக்கி வைப்பதும் உண்டு. மற்றவர்கள் போவது கண்டல் காட்டுக்குள். கரியாக்குவின் டிரெல் குடாவில் கண்டலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. பாய், கூடாரத் துணி, சூரியத் தகடு எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, படகின் மூக்கைக் கண்டலுக்குள் நுழைத்து, எட்டுத் திசைக்கும் சிலந்தி வலை மாதிரிக் கயிறு கட்டி வேரோடு பிணைப்பார்கள். வேர் ஆடும், ஆனால் விடாது. சீமெந்துத் தூணில் கட்டிய கயிறு அறுந்துபோகிற இடத்தில் கண்டல் கொஞ்சம் இசைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் அது தாங்கும் என்று சொல்லமாட்டேன். 2024 ஜூலை 1 ஆம் திகதி பெரில் சூறாவளி மணிக்கு 240 கிலோமீற்றர் காற்றோடு நேராகக் கரியாக்குவின் மேல் ஏறியது. வீடுகளில் பெரும்பாலானவை சேதம், கண்டலுக்குள் இருந்த படகுகளிலும் பல அடிபட்டன. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள், அங்கே கண்டலை வெட்டுகிறவனைப் படகுக்காரனே போய்த் தடுக்கிறான், அவனுடைய முதலே அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் வாவிக் கரையில் கண்டலை வெட்டி மண் நிரப்பி வளவு பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம், எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: கலிப்சோவுக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆடுகிற கப்ரிஞ்ஞாவுக்கும் ஏதோ ஒற்றுமை தெரிகிறதே? (பறங்கிய சமூகத்துப் பாட்டி ஒருவர், டச் பார், மட்டக்களப்பு)

தெரியத்தான் செய்யும் அம்மா. இரண்டிலும் ஆபிரிக்கத் தாளம் ஐரோப்பிய வாத்தியத்தோடு கலந்திருக்கிறது. அங்கே ட்ரினிடாட்டில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு, எசமானைக் கேலி செய்து, ஊர்ச் செய்தி சொல்லிக் கலிப்சோவாக வளர்ந்தது. இங்கே போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கரின் ஆட்டமும் போர்த்துக்கேயப் பாட்டும் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆனது, அதன் வழியாகத்தான் நாடு முழுவதும் பைலா வந்தது. ஏ.ஈ. மனோகரன் தமிழ் பொப் பாடிய காலத்தில் எழும்பி ஆடியவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாளம் காலில் இருந்தது. இந்த நாட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியை இன்னும் வீட்டுக்குள் பேசுகிற சில குடும்பங்கள் மட்டக்களப்பில் இருப்பது எங்கள் பெருமை. பேரப்பிள்ளைகளுக்கு வயலின் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், அடுத்த கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: அந்தத் தீவுகளில் தமிழர் உண்டா? (பொத்துவில் வாசகர்)

உண்டு, அதாவது வழித்தோன்றல்கள். 1853 இல் மார்ட்டினிக்குக்கும் 1854 இல் குவாதலூப்புக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் பிள்ளைகள். தமிழ் பேச்சில் அழிந்துவிட்டது, ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் சிதைந்து இன்னும் கும்பிடப்படுகிறார்கள், பூசையில் பாடுகிற வரிகள் சில இன்றும் தமிழ்தான். அங்கே கறித்தூளுக்கு ‘கொலம்போ’ என்று பெயர், ஆட்டிறைச்சி கொலம்போ என்றால் நாக்கில் தண்ணீர் ஊறும் விருந்து.

கேள்வி: கரீபியனில் சொகுசுப் படகில் வேலை என்று ஒரு முகவர் பெருந்தொகை கேட்கிறார். எனக்கு நீச்சல் தெரியும், இயந்திரம் திருத்தவும் தெரியும். கட்டலாமா? (22 வயது இளைஞர், கல்முனை)

கட்டாதீர்கள் தம்பி. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 இல் வந்தது, வேலை தேடிக் கொடுப்பதற்குக் கடலோடியிடம் காசு வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கொழும்பில் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

முறையாகப் போக முதலில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், உயிர்பிழைத்தல், தீயணைத்தல், முதலுதவி, கப்பலில் நடந்துகொள்ளும் முறை, இந்த நான்கும் சேர்ந்தது. அதை வைத்துத்தான் கடலோடிப் புத்தகம் எடுக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகம் தொடுகிற கப்பல் என்றால் அதற்குத் தனி விசா. உங்களுக்கு இயந்திரம் தெரிவது பெரிய பலம், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமும் குளிரூட்டியும் திருத்தப் பழகினால் எந்தப் படகிலும் உங்களைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் கட்டளை விளங்கி உடனே திருப்பிச் சொல்லப் பழகுங்கள். நீச்சல் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள், பயிற்சியில் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து குதித்து, கவிழ்ந்து கிடக்கிற மிதவையை நிமிர்த்தச் சொல்வார்கள். அங்கியோடு நீந்துவது வேறு மாதிரி இருக்கும், போவதற்கு முன் கரையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.